மூங்கி கம்புல கெண்டை: தோட்டத்து உம்பான் என்னென்ன போட்டு பாத்தீங்க?

செம்மண்சடக்கு

வணக்கம் எல்லாருக்கும். இங்க ரீல் பத்தி, பிரெய்டு லைன் பத்தி, எந்த லூருக்கு தோமான் மீனு அடிக்குதுன்னு நெறைய பேசுறோம். ஆனா மூங்கி கம்பு, தங்சின்னு சொல்ற நைலான் நூலு, ஒரு தக்கை, ஒரு முள்ளு இத மட்டும் வெச்சு கெண்டை புடிக்கிறத பத்தி யாரும் எழுதல, அதான் நானே ஆரம்பிக்கிறேன், தெரிஞ்சவங்க சேந்துக்குங்க.

நான் மலேசியா, சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தை. 2007லேர்ந்து பெஸ்தாரி ஜெயான்னு போர்டு, எங்க வீட்ல இன்னும் பழைய பேருதான். ஊர சுத்தி பழைய ஈயக்குட்டைங்க (வெள்ளீயம் தோண்டுன பள்ளத்துல தண்ணி நின்னது), அத தாண்டுனா செம்பனை. எங்க பக்கத்து குட்டையில லீகோன்னு சொல்ற சாதா கெண்டை இருக்கு, ரும்புட்டுன்னு சொல்ற புல்லுக்கெண்டை இருக்கு, பெரிய தலை கெண்டை தொங்சான் இருக்கு, லம்பாம் மீனு சொல்லவே வேணாம். யாரோ வளத்த கொளம் ஒடைஞ்சு வந்ததோ யாரு கொண்டு விட்டதோ, வந்து தங்கிருச்சு.

கம்புல புடிக்கிறவனுக்கு தூரம்னு ஒண்ணு கெடையாது. கம்பு 12 அடி, தங்சி 12 அடி, அதுக்குள்ளதான் எல்லாமே. ரீல் வெச்சிருக்கவங்க மீன் எங்க இருக்கோ அங்க உம்பான, அதாவது தூண்டி எரைய, அனுப்பிடுவாங்க, நாம மீன நம்ம கால்மாட்டுக்கு வர வைக்கணும். அதனால கம்புக்காரனுக்கு உம்பான்தான் பாதி வேல. கடையில விக்கிற பாக்கெட் உம்பான் வாங்கி போட்டேன், கொத்தும், இல்லன்னு சொல்லல, ஆனா அந்த தண்ணிக்கு பழக்கமான சாப்பாடு எதுவோ அதுக்கு கொத்துறப்ப மீனு யோசிக்கவே யோசிக்காது. செம்பனை ஓரத்துல இருக்க மீனுக்கு செம்பனை பழம், வீடுங்க பக்கத்து பாரிட்டுல (வாய்க்கால்) சோறு, மாவு, தேங்கா சக்கை. முதல்ல அந்த மீனு தெனம் என்னா திங்குதுன்னு பாக்கணும், அப்புறம்தான் வாசனை கீசனை எல்லாம்.

பரிசோதனை எப்டி பண்றேன்னா ரெண்டு கம்பு, ஒரே ஆழம், ஒரே முள்ளு, ஒரே தங்சி, உம்பான்ல மட்டும் ஒரே ஒரு சாமான் வேற. ஒரு பக்கம் ரொட்டித்தூள் சும்மா பெசஞ்சது, இன்னொரு பக்கம் அதே ரொட்டித்தூள் புளிச்ச தோசை மாவுல பெசஞ்சது. கொஞ்ச நேரம் கழிச்சு எடத்த மாத்தி வெச்சிடுவேன், இல்லன்னா எடம் நல்லதா உம்பான் நல்லதான்னு கண்டுபுடிக்க முடியாது.

தோசை மாவு ஜெயிச்சது தொங்சானுக்கு. அதுவும் நல்ல வித்தியாசம். அந்த மீனு கடிச்சு திங்கிற ஜாதி இல்ல, தண்ணியில மெதக்குற சின்ன சின்ன உயிர செவுள்ள வடிகட்டி திங்கும். அதனால கெட்டியா உருட்டி அடியில போட்டா பக்கத்துலயே வராது. மாவு தண்ணியில பட்ட உடனே ஓரத்துலேர்ந்து கரைஞ்சு பால் கணக்கா பரவணும், முள்ளு அந்த கலங்கல் நடுவுல தொங்கணும், அடியில இல்ல, நடுத்தண்ணியில. புளிப்பு வாசன அதுக்கு ரொம்ப புடிக்கும், சீனாவுல இந்த மீன புடிக்கிறவங்களும் புளிச்ச உம்பான்தான் போடுறாங்க.

நீங்க என்னென்ன போட்டு பாத்தீங்க, எது வேல செஞ்சுது எது செய்யல, ரெண்டையும் எழுதுங்க.

லயத்துப்பையன்

அண்ணே செம இழை. தோசை மாவு தண்ணியா இருக்குமே முள்ளுல எப்டி நிக்கும்? உப்பு போட்ட மாவா போடாத மாவா?

செம்மண்சடக்கு

தம்பி, உப்பு போடறதுக்கு முன்னாடி ஒரு கப்பு தனியா எடுத்து வெச்சிடு. வெளியவே விட்டா நம்ம ஊரு சூட்டுக்கு ராத்திரி வெச்சது காலையில நல்லா பொங்கிடும், அதுக்கு மேல இன்னொரு நாளும் விடலாம், அதுக்கும் மேல போனா கெட்ட நாத்தம் வந்துடும். பழைய வேட்டித்துணியில ஊத்தி தொங்கவிடு, தண்ணி வடிஞ்சு கெட்டியாகும். அதுல ரொட்டித்தூள கொஞ்ச கொஞ்சமா போட்டு இடியாப்ப மாவு பதத்துக்கு கொண்டா. கடைசியா இலவம்பஞ்சு ஒரு சிட்டிகை, நல்லா பிச்சு பிச்சு போட்டு பெசையணும், கட்டியா விழக்கூடாது. அந்த பஞ்சுதான் மாவ முள்ளோட கட்டி வெச்சிருக்கும், வெளிப்பக்கம் கரையும் உள்பக்கம் நிக்கும். பார்மசி பஞ்சு தண்ணிய சீக்கிரம் குடிச்சு பொதபொதன்னு ஆயிடும், இலவம்பஞ்சு தண்ணி குடிக்காது, அதான் அத சொல்றேன்.

பெரியதக்கை

தம்பி செம்மண்சடக்கு, படிச்சு ரொம்ப சந்தோஷம். நான் கோலசிலாங்கூர் பக்கம், பொறந்து வளந்தது தோட்டத்துல, எங்கப்பா ரப்பர் பால்வெட்டு, நானும் கொஞ்ச காலம் வெட்டுனேன். உம்பான் பத்தி பேசறதுக்கு முன்னாடி கம்பு பத்தி சொல்லிடுறேன், ஏன்னா இப்ப பசங்க கடையில பச்ச மூங்கி வாங்கி அன்னிக்கே தங்சி கட்டிடுறாங்க, 3 கிலோ ரும்புட்டு ஒண்ணு திரும்புச்சுன்னா பட்டுனு போயிடும்.

முத்துன மூங்கியா பாத்து வெட்டணும், எளசு வெட்டுனா காய காய சுருங்கி மடங்கும். வேலி ஓரத்துல சைனா மூங்கின்னு வெப்பாங்கல்ல, சன்னமா நெட்டையா, உள்ள ஓட்டை சின்னதா, அதுதான் கம்புக்கு தோது. வெட்டி கொஞ்ச வாரம் ஓடுற தண்ணியில முக்கி வெச்சா அதுல இருக்கிற மாவுச்சத்து எறங்கிடும், அப்புறம் பூச்சி துளைக்காது. எடுத்து நெழல்ல படுக்க வெச்சு காய வைக்கணும், வெயில்ல வெச்சா வெடிக்கும். வளைவு இருந்தா அடுப்பு தணல்ல காட்டி சூடா இருக்கப்பவே கால்ல வெச்சு நிமித்திடணும், அப்புறம் துணியில தேங்காண்ணெ தொட்டு தடவணும்.

இன்னும் முக்கியம் தங்சி கட்டுறது. நுனியில மட்டும் கட்டாதீங்க. கைப்புடி பக்கத்துல கட்டி, கம்பு முழுக்க நாலஞ்சு எடத்துல நூல் சுத்தி கொண்டாந்து நுனியில முடிச்சு போடணும். நுனி ஒடைஞ்சாலும் மீனு உங்க கையிலதான் இருக்கும். பெருசு ஓடுச்சுன்னா கம்ப மீனு பக்கம் நீட்டாதீங்க, கம்பும் தங்சியும் ஒரே நேர்கோட்டுக்கு வந்த அந்த நொடிதான் அறுந்து போற நொடி. பக்கவாட்டுல சாய்ச்சு புடிங்க, மூங்கி வளைஞ்சு வளைஞ்சு அதோட பலத்த எடுத்துடும். அதுக்கும் அடங்கலன்னா எங்கப்பா கம்பயே தண்ணியில விட்டுடுவாரு, மூங்கி மெதக்கும், மீனு இழுத்துட்டு போயி களைச்சு நிக்கும், அப்புறம் சம்பான் படகுல போயி எடுப்பாங்க.

உம்பான் கதைக்கு வர்றேன். உங்க ஊரு பக்கத்து தென்னமரம் தோட்டத்துலதான் 1917ல மலாயாவுலயே முதல் முதலா செம்பனைய வியாபாரத்துக்கு நட்டது, ஃபோகோனியேன்னு பிரெஞ்சுக்காரர் தொரை. ஆனா எங்க காலத்துலயும் எங்க பக்கம் கித்தா, அதாவது ரப்பர் மரம்தான் அதிகம், செம்பனை அப்புறம்தான் பரவுச்சு. அதனால எங்க உம்பான் கித்தா கொட்டை. ஆகஸ்ட் செப்டம்பர்ல வெயில் அடிச்சா காடு முழுக்க பட்டு பட்டுனு வெடிச்சு விழும், பாரிட்டுல விழுந்து அடிச்சிட்டு போகும், அத தின்னே வளந்த மீனுங்க. ஓட்ட ஒடைச்சு பருப்ப எடுத்து நல்லா வேக வைப்போம், மூடாம வேக வைப்போம், தண்ணிய கொட்டிட்டு மறுபடி வேற தண்ணியில வைப்போம், ஏன்னா பச்ச பருப்புல வெஷம் இருக்கு, மரவள்ளி கெழங்குல இருக்கிற அதே ஜாதி சயனைடு. வெந்தப்புறம் மண்சட்டியில போட்டு வாய கட்டி புளிக்க விட்டா வாசன வரும் பாருங்க, வீட்ல இருக்க முடியாது, ஆனா லம்பாமும் பாவுங் கெளுத்தியும் சும்மா விடாது.

கள்ளுக்கடை இருந்த காலத்துல பானை அடியில தங்குற மண்டிய வாங்கிட்டு வந்து தவுட்டுல பெசைவாங்க. புளிப்பு தொங்சானுக்கு புடிக்கும்னு தம்பி சொன்னது அப்பவே நாங்க கண்டதுதான்.

நீலக்குடை

கிள்ளான்லேர்ந்து. நான் கட்டண கோலாம்லயும் (காசு கட்டி புடிக்கிற கொளம்) புடிப்பேன் ஆத்துலயும் புடிப்பேன், ரீல்காரன், ஆனா இந்த இழை புடிச்சிருக்கு. ஒரு ரெண்டு விஷயத்துல ஒத்துக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க.

ஒண்ணு, செம்மண்சடக்கு அண்ணே ரெண்டு கம்ப பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்குறேன்னு சொல்றாரு. கரையிற மாவு போட்டா அந்த கலங்கல் ரெண்டு கம்புக்கும் நடுவுல பரவிடும்ல, அப்ப எந்த உம்பானுக்கு மீனு வந்துச்சுன்னு எப்டி சொல்லுவீங்க? காத்து எந்த பக்கம் அடிக்குதோ அந்த பக்க கம்புக்கு ரெண்டு உம்பான் வாசனையும் சேந்து கெடைக்கும்.

ரெண்டாவது, பழக்கமான சாப்பாடுதான் எல்லாம்னு சொல்றது கோலாம்ல செல்லாது. அங்க ரோகு, பத்தின், பாக்கு மீனுங்க எல்லாம் பண்ணையிலேர்ந்து வந்தது. ரோகு கொளத்து தண்ணியில தானா முட்ட போடாது, ஓடுற ஆத்து வெள்ளம் வேணும். 1957ல ஒடிசாவுல ஹிராலால் சௌத்ரிங்கிற இந்திய விஞ்ஞானி பிட்யூட்டரி சுரப்பி சாறு ஊசி போட்டு முட்ட போட வெச்சாரு, அதுக்கப்புறம்தான் குஞ்சு பண்ணையில கெடைக்க ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி ஆத்துல போயி அள்ளிட்டு வரணும். அப்டி பண்ணையில பெல்லட் தீவனம் தின்னு வளந்த மீனுக்கு செம்பனை பழம்னா என்னான்னே தெரியாது. அதுக்கு ஹேர் ரிக்குல பாய்லி (வேக வெச்ச மாவு உருண்டை) போட்டாதான் சரி.

ஹேர் ரிக் தெரியாதவங்களுக்கு: உம்பான முள்ளுல குத்தறதில்ல, முள்ளுக்கு பின்னாடி சன்னமான ஒரு நூல்ல கோத்து தொங்கவிடறது, முள்ளு வெறுமையா இருக்கும். கெண்டைக்கு வாயில பல்லு கெடையாது, தொண்டையிலதான் பல்லு. அது உறிஞ்சி பாத்துட்டு சந்தேகம் வந்தா துப்பிடும், துப்புறப்ப வெறும் முள்ளு ஒதட்டுல மாட்டும். 1970கள் கடைசில இங்கிலாந்துல லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ்னு ரெண்டு பேரு கண்டுபுடிச்சது, கெண்டை தூண்டியையே மாத்திடுச்சு.

செம்மண்சடக்கு

நீலக்குடை பாஸ், நல்ல கேள்வி, தப்பா எடுத்துக்க என்னா இருக்கு. காத்து விஷயம் சரிதான், அதுக்குதான் எடத்த மாத்தி மாத்தி வெக்கிறது. காத்துக்கு எதிர்பக்கம் இருந்தாலும் காத்து போற பக்கம் இருந்தாலும் அதே உம்பான்ல கொத்துச்சுன்னா அது உம்பானோட வேல. எடம் மாத்துனதும் கொத்தும் எடத்தோடயே போயிடுச்சுன்னா அது எடத்தோட வேல, அந்த நாள கணக்குல சேக்க மாட்டேன். கரையிற மாவா இருந்தா கம்புக்கு கம்பு நல்லா தள்ளி வைப்பேன், இல்லன்னா ஒரு உம்பான் ஒரு நாளு இன்னொரு உம்பான் அடுத்த நாளு, அதே நேரம்.

உங்க ரெண்டாவது பாயிண்டு எனக்கு எதிரா இல்லையே, எனக்கு சப்போர்ட்டுல்ல பண்ணுது. பெல்லட் தின்னு வளந்த மீனுக்கு பெல்லட்தான் பழக்கமான சாப்பாடு. கோலாம் மொதலாளி எந்த பெல்லட் போடுறாருன்னு கேட்டு அதையே ஊற வெச்சு பெசஞ்சு போட்டா போதும், பாய்லிக்கு காசு எதுக்கு.

ஹேர் ரிக்க மூங்கி கம்புல போட முடியும், நான் போடுறேன். செம்பனை பழத்துக்கு அதான் சரியான வழி. தோட்டத்து உதிரி பழம் எடுக்கணும்னா மண்டோர்கிட்ட (கங்காணி) கேட்டுட்டு எடுங்க, சும்மா எடுத்தா திருட்டுதான். நல்லா பழுத்து செவந்தத கொட்டையோட வேக வெச்சா சதை மெத்துனு ஆகும். சதைய மட்டும் வெரல் அகலத்துக்கு சீவி நூல்ல கோக்கணும். பச்சையா குத்துனா நார்நாரா பிஞ்சு வரும். கெளந்தான் திரங்கானு பக்கம் கெலா மீனு புடிக்கிறவங்க இதே பழத்ததான் வேக வெச்சு போடுறாங்க.

லயத்துப்பையன்

தக்கை எப்டி அசையுதுன்னு பாத்து என்னா மீனுன்னு சொல்ல முடியுமா அண்ணே? நான் முங்குனாதான் சுண்டுறேன், பாதிக்கு மேல வெறும் முள்ளுதான் வருது.

பெரியதக்கை

சொல்ல முடியும் தம்பி, நல்லா சொல்ல முடியும், தூண்டில அதுதான் பாதி சுகமே.

லம்பாம் படபடன்னு தட்டும், தக்கை நிக்காம ஆடும், அதுக்கு பின்னாடி ஓடாத, உம்பான சின்னதாக்கு. லீகோ அடியில மண்ண கெளறி திங்கிற மீனு, ரெண்டு ஜோடி மீச வெச்சிருக்கும், அந்த மீசையிலேயே ருசி பாக்கும். அது உம்பான தரையிலேர்ந்து தூக்குறப்ப தங்சியில கட்டுன குண்டையும் சேத்து தூக்கும், அப்ப தக்கை முங்காது, மேல எழும்பி படுத்துக்கும். படுத்த ஒடனே சுண்டணும். முங்கட்டும்னு காத்திருந்தா துப்பிட்டு போயிடும், உனக்கு வெறும் முள்ளு வர்றது அதனாலதான். குண்ட முள்ளுலேர்ந்து ஒரு சாண் தள்ளி தரையில படுற அளவுக்கு வெச்சு பாரு, எழும்புறது நல்லா தெரியும். ரும்புட்டு தக்கைய அப்டியே சாய்ச்சு பக்கவாட்டுல இழுத்துட்டு போகும், அவசரமே இருக்காது அதுக்கு. தொங்சான்னா தக்கை லேசா நடுங்கும், கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், அங்கதான் வாய தொறந்து தொறந்து மூடிட்டு இருக்குன்னு அர்த்தம்.

தக்கை சன்னமா இருந்தாதான் இதெல்லாம் தெரியும். மயிலெறகு தண்டு கெடைச்சா அதுக்கு மிஞ்சுனது கெடையாது. செலிப்பர் செருப்ப வெட்டி தக்கையா போடுறது கெளுத்திக்கு சரி, கெண்டைக்கு ஆகாது.

குட்டைக்கரை

நான் ரவாங், அம்மாவோட சேந்து சின்ன வயசுலேர்ந்து தூண்டி போடுறேன், பொம்பளைங்களும் இங்க இருக்கோம்ல.

எங்கம்மாவோட உம்பான் தேங்கா சக்கைதான் அடிப்படை. பால் புழிஞ்சிட்டு மிச்சம் இருக்கிறத வறுக்கணும், பொன்னிறமா ஆகற வரைக்கும், கருக விடாம. அதுல வறுத்த வெந்தயம், சோம்பு பொடி பண்ணி கொஞ்சம், வெந்த மரவள்ளி கெழங்க மசிச்சு சேத்து உருட்டணும். இதுல நான் ஒவ்வொண்ணா எடுத்துட்டு போட்டு பாத்திருக்கேன். சோம்ப எடுத்தா பெருசா ஒண்ணும் கொறையல. வெந்தயத்த எடுத்தா கொஞ்சம் கொறையுது. சக்கைய வறுக்காம போட்டா நல்லாவே கொறையுது. அதனால வறுத்த வாசனைக்குதான் பவர்னு நான் நெனைக்கிறேன், மசாலாவுக்கு இல்ல.

பெருங்காயம் போடுங்கன்னு யாராச்சும் சொல்லுவாங்க, சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், எங்க பக்கம் பெருங்காயத்துக்கு கெளுத்தியும் அதே ஜாதி கெலியும்தான் வருது, கெண்டை வரல. பெலாச்சானும் (எறா விழுது) அப்டிதான்.

செக்கூர் கெழங்கு மட்டும் நெஜமாவே வித்தியாசம் காட்டுச்சு. வங்காளத்துல ரோகு, கட்லா புடிக்கிறவங்க ஏகாங்கின்னு ஒரு கெழங்கு பொடிய உம்பான்ல கலப்பாங்க, பாத்தா அது நம்ம செக்கூரேதான், மருந்து கடையில கச்சோலம்னு காஞ்சது கெடைக்கும். பச்சையா இடிச்சு சாறு மட்டும் விட்டேன், காஞ்சத வறுத்து பொடி பண்ணி போட்டேன். வறுத்ததுக்கு லீகோ வந்துச்சு, பச்சைக்கு வரல. கொஞ்சூண்டு போதும், கை நெறைய போட்டா மாவே கசக்கும்.

ரும்புட்டுக்கு இதெல்லாம் வேணாம். மரவள்ளி கொழுந்து, இல்லன்னா எளசான நேப்பியர் புல்லு, ரெண்டு மூணு எலைய மடிச்சு முள்ளுல நூல் சுத்தி மேல மெதக்க விடுங்க, குண்டே போடாம. சீனக்காரங்க கொளத்துல ரும்புட்ட வளக்கிறதே புல்லும் மரவள்ளி எலையும் வெட்டி போட்டுதான், அது பேரே அதானே.

அப்புறம் ஒரு விஷயம், கரையில தொப்பு தொப்புனு நடக்காதீங்க, பக்கெட்ட தரையில போடாதீங்க. கெண்டை ஜாதிக்கு காத்துப்பைய காதோட சேக்குற சின்ன எலும்புங்க இருக்கு, மத்த மீனுங்கள விட நல்லா கேக்கும். எங்கம்மா கோணிப்பை விரிச்சு அது மேல ஒக்காந்துக்குவாங்க, செருப்ப அந்தாண்ட கழட்டி வெச்சிடுவாங்க.

நீலக்குடை

அக்கா வறுத்த தேங்கா சக்கை விஷயம் சூப்பர், அத நான் கட்டாயம் ட்ரை பண்றேன். செம்மண்சடக்கு அண்ணே, பெல்லட் பாயிண்டு சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா புதுசா ஒரு வாசனைக்கு மீனு ஆசையா வரும்னு நான் இன்னும் நம்புறேன். அக்காவோட செக்கூரே அதுக்கு சாட்சி, எந்த குட்டையில செக்கூர் விழுது?

செம்மண்சடக்கு

அது நல்ல கேள்வி பாஸ், என்கிட்ட பதில் இருக்குன்னு நடிக்க மாட்டேன். என் கணிப்பு என்னான்னா வாசன மீன கிட்ட கூட்டிட்டு வரும், ஆனா வாயில வெச்சுக்க வெக்கிறது பழக்கம்தான். அக்கா செக்கூர தனியா போடல, தேங்காயும் மரவள்ளியும் இருக்கிற மாவுலதானே போட்டாங்க.

இதோட தீனி போட்டு பழக்குறத சேத்து பாருங்க. கெண்டைக்கு எரப்பையே கெடையாது, தின்னது நேரா கொடலுக்கு போகும், அதனால ஒரேடியா தின்னுட்டு படுக்காது, கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்க மேயும். ஒரே தடவையில ஒரு பக்கெட் கொட்டுனா அழுகி எடம் கெட்டு போகும். ஒரு கைப்புடி காலையில, ஒரு கைப்புடி சாயங்காலம், தெனம் அதே எடத்துல. கொஞ்ச நாள்ல அந்த நேரத்துக்கு வந்து நிக்கும். புது வாசனையையும் அந்த தீனியோட சேத்து போட்டா அதுவும் பழக்கம் ஆயிடும். கம்பு 12 அடிக்குள்ள மீன கொண்டாறதுக்கு எனக்கு தெரிஞ்ச ஒரே வழி இதுதான், அதனாலதான் வீட்டுக்கு கிட்ட இருக்கிற ஒரே குட்டைய புடிச்சு தொங்குறேன், ஊரு ஊரா அலையறதில்ல.

மழைக்காலம்

எல்லாம் படிச்சேன் நன்றி. நான் இப்பதான் ஆரம்பிக்கிறேன், ரெண்டு சந்தேகம். ஒரு மீனு அறுத்துட்டு போச்சுன்னா அந்த எடத்துல அன்னிக்கு வேற மீனு கொத்தாதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு, தப்பிச்சது போயி மத்ததுங்களுக்கு சொல்லிடுமாம், உண்மையா? இன்னொண்ணு ஈயக்குட்டை மீன சாப்பிடலாமா?

பெரியதக்கை

தாத்தா சொன்னதுல விஷயம் இருக்கு தம்பி. என் மவன் படிச்சு காட்டுனான், தேனீ ஆடுற ஆட்டத்த கண்டுபுடிச்சு 1973ல நோபல் வாங்குனாரே கார்ல் வோன் ஃபிரிஷ், அவருதான் 1938ல இதையும் எழுதுனாரு. கெண்டை வகை சின்ன மீனோட தோல் கிழிஞ்சா அதுலேர்ந்து ஒரு சாமான் தண்ணியில கலக்கும், அந்த வாசன பட்டதும் கூட்டத்துல இருக்க மத்த மீனுங்க பயந்து ஒதுங்கிடும். கெண்டை ஜாதி, கெளுத்தி ஜாதி ரெண்டுலயும் இது இருக்கு. அதனால சின்ன மீன புடிச்சா காஞ்ச கையால புடிக்காத, கைய நனைச்சுட்டு புடி, கரை மண்ணுல பொரட்டாத, செதில் உதிர்ந்தத அதே எடத்துல திரும்ப விடாத, கொஞ்சம் தள்ளி போயி விடு.

குட்டைக்கரை

சாப்பிடுற விஷயம் நான் சொல்றேன். ஈயம் தோண்டுன மண்ணுல ஆர்செனிக் மாதிரி சாமான்லாம் இருக்கும், மண்ண கெளறி திங்கிற மீனுக்கு அது போகும். அதனால பழைய ஈயக்குட்டை மீன நாங்க வீட்டுக்கு கொண்டாறதில்ல, புடிச்சு விட்டுடுவோம், சின்ன புள்ளைங்க இருக்கிற வீடு. ஆத்து மீனு, வளக்கிற கொளத்து மீனுன்னா சமைப்போம்.

மண் வாசன வருதுன்னு தூக்கி போடாதீங்க, அது அழுக்கு இல்ல, தண்ணியில இருக்கிற ஒரு வகை நுண்ணுயிர் உண்டாக்குற ஜியோஸ்மின்ங்கிற பொருள். புளிப்பு பட்டா அது ஒடைஞ்சிடும், அதனாலதான் கெண்டைக்கு புளிய கரைச்சு ஊத்தி குழம்பு வெச்சா வாசனையே தெரியாது. கெண்டை சதைக்குள்ள ரெண்டா பிரிஞ்ச சன்ன முள்ளு நெறைய, புள்ளைங்களுக்கு ஆபத்து. ரெண்டு பக்கமும் தோலோட நெருக்க நெருக்க கீறணும், அரை வெரல் அளவுக்கும் கம்மியா, அப்புறம் மஞ்சள் உப்பு தடவி நல்லா முறுக பொரிச்சா அந்த முள்ளெல்லாம் மொறுமொறுன்னு ஆயிடும்.

செம்மண்சடக்கு

அக்கா சொன்னதுதான் எங்க வீட்லயும். ஈயக்குட்டையில நான் புடிச்சது எல்லாம் திரும்ப தண்ணிக்குதான்.

புதுசா வர்றவங்க இத கட்டாயம் கேட்டுக்குங்க: ஈயக்குட்டை கரை மணல், பாக்க கெட்டியா இருக்கும், கீழ அரிச்சு வெறுமையா இருக்கும், ஓரத்துல நின்னா பொத்துனு எறங்கிடும், அடுத்த அடியே ஆழம். எத்தனையோ புள்ளைங்க போயிருக்காங்க இந்த மாதிரி குட்டையில. தனியா போகாதீங்க, மீனு மாட்டுச்சுன்னு தண்ணிக்குள்ள எறங்காதீங்க, நீளக்கம்பு போட்ட வலை வெச்சு எடுங்க, ரும்புட்டு கரைக்கு வந்தப்புறம்தான் துள்ளும். சாயங்காலம் இடி கேட்டா கம்ப கீழ போட்டுட்டு நகந்துடுங்க, நனஞ்ச மூங்கியும் மின்சாரத்த கடத்தும்.

லயத்துப்பையன்

இங்க ஒரு ஆளு தூபான்னு ஒரு வெஷ வேர இடிச்சு கலக்குனா ஒரே நாள்ல அள்ளிடலாம்னு பெருமையா சொல்லிட்டு திரியறாரு. கரண்டு போடுறவங்களும் இருக்காங்க.

பெரியதக்கை

அத பத்தி இந்த இழையில பேசவே வேணாம் தம்பி. 1985 மீன்வள சட்டத்துல வெஷம், வெடி, கரண்டு எல்லாம் குத்தம். சட்டத்த விடு, தூபா கலந்தா முட்ட, குஞ்சு, எறா எல்லாம் போயிடும், அப்புறம் உம்பான் எதுக்கு பெசையறது. அந்த ஆளு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.

நீலக்குடை

ஞாயித்துக்கிழம வறுத்த தேங்கா சக்கை போட்டேன். கோலாம்ல, பெல்லட் ஊறவெச்ச மாவுல கால்வாசி சக்கை, பக்கத்து கம்புல பெல்லட் மாவு மட்டும், எடம் மாத்தி மாத்தி. அக்கா, ரோகுக்கு சக்கை கலந்ததுதான் மொதல்ல கொத்துச்சு, எடம் மாத்துனப்பவும் அதுவேதான். பத்தினுக்கு வித்தியாசம் இல்ல, ரெண்டையும் முழுங்குது. அண்ணே கேட்ட மாதிரி ஒரு சாமான் மட்டும்தான் மாத்துனேன். இன்னும் சில தடவ போட்டு பாத்துட்டு எழுதறேன்.

குட்டைக்கரை

சந்தோஷம் தம்பி. சக்கைய எவ்ளோ கலர் வர வறுத்தீங்கன்னு எழுதுங்க, எண்ணெ கசிய ஆரம்பிச்சதும் நிறுத்திடணும். நம்ம ஊரு தண்ணி சூடு, எண்ணெ ஜாஸ்தியா இருந்தா நேரா மேல போயி படலமா மெதக்கும், அடியில இருக்கிற மீனுக்கு ஒண்ணும் போய் சேராது.

செம்மண்சடக்கு

நீலக்குடை பாஸ், இத படிக்கிறப்ப எவ்ளோ சந்தோஷமா இருக்கு தெரியுமா. இப்டி ஒவ்வொருத்தரும் ஒரு சாமான் எடுத்து பாத்தா போதும்.

அடுத்து எனக்கு கித்தா கொட்டை வேணும். எங்க பக்கம் கித்தாவ வெட்டி செம்பனை போட்டுட்டாங்க, வீட்டு பின்னாடி நாலு மரம் வெச்சிருக்கவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, விழுற சீசன்ல வந்து பொறுக்கிக்கிறேன். பெரியவர் சொன்ன மாதிரி ரெண்டு தண்ணியில வேக வெச்சு புளிக்க விட்டு, அதே குட்டையில செம்பனை பழத்துக்கு பக்கத்துல போடணும். செம்பனை மட்டும் பாத்து வளந்த மீனு கித்தா கொட்டைய எடுக்குதா இல்லையான்னு பாத்தா நீலக்குடை கேட்ட கேள்விக்கு ஒரு வழி தெரியும். பெரியவரே, மண்சட்டியில எத்தன நாளு புளிக்க விடுவீங்க, வாய எதால கட்டுவீங்க?

பெரியதக்கை

வாழ எலையால கட்டி மேல துணி சுத்துவோம். மூணு நாள்ல நொரை கட்டும், அப்ப எடுத்துடணும். வேல முடிஞ்சதும் சட்டிய சமையலுக்கு எடுக்காதீங்க, அதுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சுக்குங்க. எங்க வீட்டு பின்னாடி ஆறு மரம் நிக்குது, கோலசிலாங்கூர் வந்துட்டு ஒரு மெசேஜ் போடுங்க.